குறித்து வைக்காத எண்

வீடு மாறுவது சொந்த வீடு இல்லாத குடும்பங்களுக்குப் புதிதன்று. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, புத்தகங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றி, கடைசியாகப் பழைய வீட்டின் சாவியை உரியவர் கையில் கொடுத்து, 'போய் வருகிறோம்' என்று சொல்லும்போது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோமா என்று ஒரு முறைக்கு இருமுறை பார்க்கிறோம். ஆயினும் எடுத்துச் செல்ல வேண்டிய ஒன்றை மட்டும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அதற்கு எடை இல்லை, விலை இல்லை, ஒரு துண்டுத் தாளில் அது அடங்கிவிடும். அதை மறந்ததனால் நான் அடைந்த தலைகுனிவை இங்கே எழுதுகிறேன். எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. என்னைப் போல் வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கு ஏதேனும் பயன்படட்டும் என்பதே என் எண்ணம்.

காரியாபட்டியில் ஏழு ஆண்டுகள்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது காரியாபட்டி. கரிசல் பூமி. மழை பெய்தால் மண் காலைப் பற்றிக்கொள்ளும். பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். குண்டாற்றில் தண்ணீரைப் பார்ப்பதைவிட மணலையும் சீமைக்கருவேலத்தையும் பார்ப்பதே அதிகம். 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரையில் இவ்வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லி அரசு ஊழியர்கள் இடமாற்றத்துக்கு அஞ்சிய மாவட்டம் அது.

அவ்வூரில் கணக்கு ஆசிரியனாகப் பணியாற்றியபோது, 2012 முதல் 2019 வரை ஒரே வீட்டில் குடியிருந்தோம். மாத வாடகை மூவாயிரம் ரூபாய், முன்பணம் பதினைந்தாயிரம். வீட்டுக்கு உரியவர் கணவனை இழந்த ஒரு மூதாட்டி. எங்கள் வீட்டை ஒட்டிய சிறு ஓட்டு வீட்டில் தனியாக வாழ்ந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்தார். எங்கள் வாடகையும், அரசு அப்போது தந்த மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையுமே அம்மூதாட்டிக்கு ஆதாரம். என் மனைவி அவரைப் பெரியம்மா என்று அழைப்பாள். என் மகள் அவர் மடியில் வளர்ந்தவள் என்றே சொல்லலாம். அவர் என்னை 'வாத்தியாரையா' என்பார்.

எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் ஆழ்துளைக் கிணறு இருந்தது. அதன் மோட்டார் எங்கள் வீட்டு மின் இணைப்பில் ஓடியது. தண்ணீர் உவர்ப்பு, குடிக்க ஆகாது. குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் உதவும். நாங்கள் நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்வோம்.

மகளின் கல்லூரிப் படிப்பை முன்னிட்டு அருப்புக்கோட்டைக்கு மாற வேண்டியதாயிற்று. 2019 மே மாதம் 3-ஆம் நாள் வீட்டைக் காலி செய்தோம். முன்பணத்தில் பத்தாயிரத்தைப் பெரியம்மா அன்றே என் கையில் கொடுத்தார். "மிச்சம் அஞ்சாயிரத்தை, அடுத்த கரண்டு பில்லு வரவும் பார்த்துக் கணக்கு முடிச்சுத் தந்துருதேன், வாத்தியாரையா" என்றார். அது ஊர் வழக்கம், நானும் சம்மதித்தேன். அவர் கண்ணில் நீர் இருந்தது. என் மனைவியும் அழுதாள். சாவியைக் கொடுத்தோம், வண்டி ஏறினோம்.

இரண்டாயிரத்து நாற்பத்து நான்கு

வெள்ளை அட்டையில் கணக்கெடுப்பாளர் கடைசியாக ஏப்ரல் 10-ஆம் நாள் எண் குறித்திருந்தார். அதற்குரிய பணத்தை நான் கட்டிவிட்டேன். அடுத்து ஜூன் 10-இல் கணக்கெடுத்தார்கள். இரண்டொரு நாளில் திருப்பூரிலிருந்து அந்த மகன் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், கரண்டு பில் 2,044 ரூபாய் வந்திருக்கு. நீங்க கட்டிட்டீங்கன்னா அஞ்சாயிரத்தை அம்மா கொடுத்துரும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழு ஆண்டுகளில் ஒரு தடவைகூட எங்கள் கட்டணம் அந்த அளவைத் தொட்டதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு நாங்கள் செலவழித்தது 190 யூனிட். கட்டியது 155 ரூபாய். வீட்டில் குளிர்சாதனம் கிடையாது. நான்கு விளக்கு, மூன்று விசிறி, ஒரு தொலைக்காட்சி, ஒரு குளிர்பதனப் பெட்டி, மாவரைக்கும் கிரைண்டர், இவ்வளவுதான்.

"தம்பி, நான் மே மூன்றாம் தேதியே காலி செய்துவிட்டேனே. அதற்குப் பிறகு ஓடியதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்றேன்.

"வீடு பூட்டித்தானே கிடக்கு, சார்! யார் இருந்து கரண்டு போட்டாங்க?" என்றார் அவர்.

கேள்வி நியாயமாகவே பட்டது. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாயிற்று. இரண்டாவது அழைப்பில் அவர் குரல் உயர்ந்தது. மூன்றாவது அழைப்பில் என் குரல் உயர்ந்தது. 'வாத்தியார் வேலை பார்க்கிறவர் இப்படியா' என்று அவர் கேட்டார். அச்சொல் என்னைத் தைத்தது.

அன்றிரவு நான் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏப்ரல் 10 முதல் ஜூன் 10 வரை 61 நாள். அதில் நாங்கள் இருந்தது 23 நாள். எங்கள் வழக்கமான செலவின்படி அந்த 23 நாளுக்கு ஏறத்தாழ 72 யூனிட் ஆகும். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது. 72 என்பது 100-க்கும் குறைவு. ஆகவே நான் கட்ட வேண்டியது ஒன்றுமே இல்லை! விடையின் கீழ் இரண்டு கோடு இழுத்தேன்.

மறுநாள் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் ஒன்றைப் பெரியம்மாவின் பெயருக்கே அனுப்பினேன். முன்பணத்தை உடனே தராவிட்டால் வழக்குத் தொடருவேன் என்று எழுதினேன். நான் காலி செய்த பின் ஏற்பட்ட செலவை என் தலையில் சுமத்துவது மோசடி என்றும் எழுதினேன். 'மோசடி' என்ற சொல்லை எழுதும்போது பேனா சற்று நின்றது. ஆனாலும் எழுதினேன்.

"பெரியம்மாவுக்கா இப்படி எழுதுகிறீர்கள்? ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்றாள் மனைவி. காரியாபட்டி எட்டாத் தொலைவில் இல்லை, பேருந்துக்கும் குறைவில்லை. ஆனால் நியாயம் என் பக்கம் இருக்கையில் நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை.

மின் அலுவலகத்தில் கற்ற பாடம்

கணக்கெடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். ஜூன் 30 கடந்தது. நானும் கட்டவில்லை, திருப்பூர்க்காரரும் அனுப்பவில்லை. ஜூலை 8, திங்கட்கிழமை, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காரியாபட்டி சென்றேன். பெரியம்மாவைப் பார்ப்பதற்காக அன்று. மின் அலுவலகத்தில் என் பக்க நியாயத்துக்கு ஒரு சான்று வாங்குவதற்காக.

அங்கிருந்த நடுவயது ஊழியர் பொறுமையாகக் கேட்டார். இணைப்பு எண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"ஏப்ரலில் 8,412. ஜூனில் 8,952. ஆக 540 யூனிட். இதற்கு நடுவில் எங்களிடம் வேறு எண் கிடையாது, சார். மே மூன்றாம் தேதி மீட்டரில் என்ன ஓடியிருந்தது? நீங்கள் குறித்து வைத்திருக்கிறீர்களா?"

நான் விழித்தேன். ஏழு ஆண்டுகள் குடியிருந்த வீடு. மீட்டர் தலைவாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாவியைக் கொடுக்கும் முன் நிமிர்ந்து பார்த்திருந்தால் நான்கு இலக்கம். பிள்ளைகளிடம் 'வழியைக் காட்டாத விடைக்கு மதிப்பெண் இல்லை' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவன், என் கணக்கின் முதல் வரியையே எழுதாமல் வந்திருக்கிறேன்.

"மீட்டர் கோளாறாக இருக்குமோ?" என்றேன்.

"ஐயம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவோம். ஆனால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுதித் தர வேண்டும். எங்கள் ஏட்டில் அந்த அம்மாவைத்தான் தெரியும். குடியிருந்தவர் யார், எப்போது போனார் என்பது எங்களுக்குத் தெரியாது."

பிறகு அவரே ஒரு தாளை எடுத்துக் கட்டணம் போடும் முறையை விளக்கினார். அன்றைய விகிதப்படி, இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டு ரூபாய். 201 முதல் 500 வரை மூன்று ரூபாய். நிலைக்கட்டணம் 30 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் விகிதமே மாறிவிடும்: 101 முதல் 200 வரை மூன்றரை ரூபாய், 201 முதல் 500 வரை 4 ரூபாய் 60 காசு, அதற்கு மேல் 6 ரூபாய் 60 காசு, நிலைக்கட்டணம் 50. அப்போது கட்டணம் ஏறத்தாழ 1,787 ரூபாய். ஒரு யூனிட்டின் விலை 650 ரூபாய்க்கும் மேல்!

"அந்த முதல் நூறு யூனிட் இலவசம் என்பது ஆளுக்கு இல்லை, சார், இணைப்புக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு நூறு. அதை நீங்கள் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாதே" என்று சிரித்தார் அவர்.

என் கணக்கின் கீழே இழுத்திருந்த இரண்டு கோடுகளும் நினைவுக்கு வந்தன. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். என் 72 யூனிட்டைக் கழித்தால் மிச்சம் 468. அந்த 468-க்கு மட்டும் கணக்கிட்டால் 1,034 ரூபாய்தான் வரும். என் 72 யூனிட்டும் சேர்ந்ததால்தான் மொத்தம் 500-ஐத் தாண்டி 2,044 ஆயிற்று. ஆக, நான் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை என்று நான் மெய்ப்பிக்க முடியுமானால், நான் கட்ட வேண்டியது 1,010 ரூபாய் என்று பெரியம்மாவும் அதே கணக்கால் மெய்ப்பிக்க முடியும். யூனிட் விகிதப்படி பகுத்தாலோ என் பங்கு 272 ரூபாய். ஒரே கணக்குக்கு மூன்று விடை, மூன்றும் சரி! முப்பது ஆண்டு கணக்குச் சொல்லித் தந்தவனுக்கு அன்று ஒன்று புரிந்தது. இருவர் சேர்ந்து செய்த செலவில், ஒருவர் மட்டும் உட்கார்ந்து போடும் கணக்கு எப்போதும் அவருக்குச் சாதகமாகவே முடியும்.

"இன்னொன்று சொல்லட்டுமா?" என்றார் ஊழியர். "பணம் கட்டாததால் வியாழக்கிழமையே அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். விதி அப்படி. நீங்கள் போகும்போது அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்."

பூட்டிய வீடுதானே, துண்டித்தால் யாருக்கு என்ன என்று எண்ணிக்கொண்டே தெருவுக்கு நடந்தேன்.

வரிசையில் நின்ற குடங்கள்

அந்தத் தெருவை நான் ஏழு ஆண்டு பார்த்தவன். ஆனால் அன்று கண்ட காட்சியைப் பார்த்ததில்லை. நாங்கள் குடியிருந்த வீட்டின் மதிலோரம் முழுவதும் நெகிழிக் குடங்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கயிறு அல்லது துணித்துண்டு அடையாளமாகக் கட்டியிருந்தது. எல்லாம் காலி. பக்கத்தில் ஆள் இல்லை.

2019-இன் கோடையைத் தமிழகத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையின் ஏரிகள் வறண்டு, தலைநகரே லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற ஆண்டு அது. தலைநகரின் தாகம் உலகச் செய்தியாயிற்று. கரிசல் காட்டுத் தெருக்களின் தாகம் செய்தியாகவில்லை.

என்னிடம் படித்த சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். "ஐயா, நீங்க போன மறுவாரமே தெருக்குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. பாட்டிதான் உங்க வீட்டு மோட்டாரைப் போட்டு எல்லாருக்கும் பிடிச்சுக்கிடச் சொன்னாங்க. காலைல மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம் ஓடும். தண்ணி நூலு மாதிரிதான் வரும். இப்ப பியூசைப் பிடுங்கிட்டாங்க. நாலு நாளாத் தண்ணி இல்லை."

நான் அப்படியே நின்றேன். மனம் தானாகக் கணக்குப் போட்டது. இரண்டு குதிரைத்திறன் மோட்டார். மணிக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட். நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் பன்னிரண்டு யூனிட். மே 3 முதல் ஜூன் 10 வரை 38 நாள்; 456 யூனிட். நான் தேடிய 468 யூனிட்டும் அதோ மதிலோரம் குடங்களாக வரிசையில் நின்றன. நான் 'மோசடி' என்று எழுதியது இதைத்தான்.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

"வாங்க, வாத்தியாரையா. பாப்பா நல்லாருக்கா? காலேஜில சேர்த்துட்டீகளா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மகளைப் பற்றி விசாரித்து, என் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்து, மோர் கொடுத்து, அதன் பிறகே பேச்சு மற்றதற்கு வந்தது. மோட்டார் அவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. 'எப்பவும் ஓடுற மோட்டாருதானே' என்று நினைத்திருக்கிறார். தெருவுக்குத் தண்ணீர் கொடுத்ததை மகனிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாகவே அவருக்குத் தோன்றவில்லை. விவரம் தெரியாத மகன் என்மேல் ஐயப்பட்டார். விவரம் கேட்காத நான் அவர்கள் இருவர்மேலும் ஐயப்பட்டேன்.

உள்ளே சென்று என் பதிவுத் தபாலைக் கொண்டுவந்தார். உறை ஓரம் கிழிக்கப்பட்டு, தாள் நன்றாக மடிக்கப்பட்டிருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. அடுத்த வீட்டுப் பையன்தான் படிச்சான். பாதியிலயே நிப்பாட்டிட்டான். 'மீதியை வாத்தியாரையாட்டயே கேட்டுக்கங்க, பாட்டி'ன்னுட்டான். இதை நீங்களே வச்சுக்கங்கய்யா. இங்க கிடந்தா நாளைப்பின்ன யாராவது எடுத்துப் படிப்பாக. உங்களுக்கு நல்லா இருக்காது."

என் பெயருக்குக் களங்கம் வந்துவிடக்கூடாதே என்பது அவர் கவலை! அந்தக் கடிதத்தை வாங்கும்போது என் கை நடுங்கியதை மறைக்க முயன்றேன். முடியவில்லை.

உடனே மின் அலுவலகத்துக்குத் திரும்பி 2,044 ரூபாயையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கட்டினேன். அன்று மாலைக்குள் ஊழியர் வந்து இணைப்பைக் கொடுத்தார். மோட்டார் ஓடத் தொடங்கியதும் தெருவே வெளியே வந்தது. நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டேன். உண்மையில் அக்கூட்டத்தின் முன் நிற்க எனக்கு முகமில்லை.

கணக்கு எப்படி முடிந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். பெரியம்மா இலவசமாக எதையும் ஏற்கவில்லை. நான் 'ஒன்றும் இல்லை' என்றதற்கும், கணக்கு 1,010 என்றதற்கும் நடுவே 505 ரூபாயை என் பங்காக வைத்துக்கொள்வோம் என்றேன். திருப்பூர் மகனும் தொலைபேசியில் சம்மதித்தார். 'தெரியாமல் பேசிட்டேன், சார்' என்றார். நானும் அதையே சொன்னேன். மூன்று வாரம் கழித்து அடுத்த வீட்டுப் பையன் அருப்புக்கோட்டைக்கு வந்து ஓர் உறையைக் கொடுத்தான். பத்தும் இருபதுமாக 1,400 ரூபாய். தெருவார் தாங்களாகச் சேர்த்தது. மீதியையும் முன்பணத்தையும், புதிதாகக் குடிவந்தவர் முன்பணம் கொடுத்தபோது, செப்டம்பரில் பெரியம்மா எண்ணிக் கொடுத்துவிட்டார். எல்லாருடைய கணக்கும் தீர்ந்தது. என் கடிதத்தின் கணக்கு மட்டும் தீரவில்லை. அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பின்னர் அறிந்தவை

சினம் தணிந்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. 1957 ஜூலை முதல் நாள் மின்வாரியம் அமைந்தது. மின்சாரம் ஊர் ஊராகப் பரவியது போலவே வழக்கும் பரவியது. 1910-ஆம் ஆண்டின் பழைய சட்டமே, மீட்டர் சரியா தவறா என்ற பூசல் எழுந்தால் மின் ஆய்வாளர் தீர்க்க வேண்டும் என்று வழி வகுத்திருந்தது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அங்கே நிறைவு பெறாதவர்களுக்கு மின் குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்தியது. அச்சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, ஒரு பாக்கி முதன்முதலாகச் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பின் அதை வசூலிக்க முடியாது. தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்பட்டு வந்தால் மட்டுமே முடியும். இவையெல்லாம் இணைப்புப் பெற்றவருக்கும் மின் நிறுவனத்துக்கும் இடையிலான வழிகள். வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் இடையே என்ன செய்வது?

1960-இன் பழைய வாடகைச் சட்டத்துக்கு மாற்றாக, நகர்ப்பகுதிகளுக்கான புதிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. 'தர வேண்டியது' எவ்வளவு என்பதை எந்தச் சட்டமும் தானாகச் சொல்லிவிடாது. அதைச் சொல்லக்கூடியது காலி செய்த நாளில் மீட்டர் காட்டிய எண் ஒன்றே.

வீடு மாறுபவரின் பாக்கி அடுத்து வருபவரையும் தொடக்கூடும். ஏலத்தில் சொத்து வாங்கியவர் முன்னவர் வைத்த மின் பாக்கிக்குப் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஒரு வழக்கில் கூறியது. ஆனால் கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில், 2023 மே 19-இல், விதிமுறைகளில் இடம் இருக்குமானால், அதே இடத்துக்குப் புதிய இணைப்புக் கேட்பவரிடம் பழைய பாக்கியைத் தீர்க்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வீடு வாங்குவோரும் பழைய அட்டையைப் பார்த்துவிட்டே பத்திரம் முடிப்பது நல்லது.

இடையில் குறிக்கப்படாத எண் எவ்வளவு குழப்பம் தரும் என்பதை 2020-இல் மாநிலமே கண்டது. ஊரடங்கினால் கணக்கெடுக்க முடியாமல், பின்னர் நான்கு மாதத்துக்கும் சேர்த்து எண் எடுத்தபோது, மொத்தம் 500-ஐத் தாண்டிவிடுமே என்று குடும்பங்கள் கலங்கின. அதை இரண்டாகப் பகுத்து, இரண்டு இருமாதக் கணக்காகவே கொள்வதாக விளக்கம் தரப்பட்டது. கணக்கிட்ட முறையை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் தள்ளுபடி செய்தது. அந்நாளில் செய்தித்தாளைப் படிக்கும்போதெல்லாம் காரியாபட்டி அலுவலகத்தின் பெஞ்சு எனக்கு நினைவுக்கு வந்தது. 2022 செப்டம்பரில் கட்டண விகிதங்கள் மாறின. மாறாதது ஒன்று உண்டு: செலவு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும், எனவே யாருடைய யூனிட் எந்தப் படியில் விழுகிறது என்ற வழக்கும் என்றும் உண்டு.

வீடு மாறும் குடும்பங்களுக்கு

என் அனுபவத்தில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி கைமாறும் நாளில், வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் சேர்ந்து மீட்டரின் முன் நில்லுங்கள். எண்ணைத் தேதியுடன் இரண்டு தாளில் எழுதி, இருவரும் இரண்டிலும் கையெழுத்திடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவராயின் அவர் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். குடிபுகும் நாளிலும் இதையே செய்யுங்கள். முந்தைய இரண்டு மூன்று கட்டணங்களின் விவரத்தைப் பாதுகாத்து வையுங்கள். கட்டணத்தில் தகராறு எழுந்தால், முதலில் கட்டிவிட்டுப் பிறகு பேசுவது நல்லது; துண்டிக்கப்படும் கம்பியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். என் மனைவி சொன்னது அதுதான். அன்று நான் பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தினேன். அதற்காக ஒரு தெரு நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தது.

அருப்புக்கோட்டை வீட்டில் இப்போது நாள்காட்டியில் மாதந்தோறும் மீட்டர் எண்ணைக் குறித்து வருகிறேன். மகள் ஒரு நாள் கேலியாகக் கேட்டாள்: "என்னப்பா, இந்த வீட்டையும் காலி செய்யப் போகிறோமா?" "எப்போது என்று யாருக்கு அம்மா தெரியும்? போகும்போது கணக்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றேன். அவள் சிரித்தாள். அடுத்த மாதம் நான் மறந்திருந்தபோது, அந்த எண்ணை அவளே குறித்து வைத்திருந்தாள்.